குடைப்பேய்க்கு யார் சோறு போடுவது

எங்கள் ஊர் குளுவாங்கில் ஆண்டு இறுதி மழை தொடங்கிவிட்டால் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பார்வை மங்கிவிடும். கூரைமேல் இருந்த டிஷ் மழை வலுத்ததும் சோர்ந்துபோகும். படம் முதலில் கட்டம் கட்டமாக உடையும். பிறகு திரை முழுக்க நீலமாகி, அலை கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். அந்த வருடப் பள்ளி விடுமுறை முழுவதும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் மழை பெய்யக் கூடாது என்று நானும் அண்ணனும் சாமி படத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டோம். எனக்கு எட்டு வயது. அண்ணனுக்குப் பன்னிரண்டு. அவன் சாமியை நம்பாத வயதுக்கு வந்துவிட்டிருந்தான். இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

எல்லாம் ஒரு கார்ட்டூனுக்காக. அப்பா சிறுவனாகத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தபோது, கணக்கு எழுதும் கிராணி வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்த பழைய கார்ட்டூன் அது. ஆற்றில் ஒரு படகு வீடு. அதில் ஒரு நீர்நாய்க் குடும்பம். அப்பா, அம்மா, மூன்று குட்டிகள். யாரும் பேச மாட்டார்கள். மீன் கையிலிருந்து வழுக்கும், தொப்பி போட்ட அப்பா நீர்நாய் தண்ணீரில் விழும், டமார் என்று மேளம் ஒலிக்கும். அவ்வளவுதான். அப்பா சிரித்த அதே இடங்களில்தான் நாங்களும் சிரித்து வளர்ந்தோம்.

அந்த வருடம் அதிலிருந்து ஒரு கிளைத் தொடரை எடுத்து வெளியிட்டார்கள். அதே நீர்நாய்கள், அதே படகு. ஆனால் வெயில் இல்லை. எப்போதும் மழை, எப்போதும் அந்திக் கருக்கல். படகு ஓர் ஆளில்லாத கரையில் கட்டிக் கிடக்கும். இருட்டத் தொடங்கும்போது கரையிலிருந்து ஒரு சின்னக் குடை நடந்து வரும். குடை மட்டும்தான். அதன் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். பலகையின் மேல் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாகப் பதியும், அதுவும் குட்டிக் குட்டியாக. குடை கதவுக்கு முன்னால் வந்து நிற்கும். நீர்நாய்கள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குடை திரும்பிப் போகும். ஒவ்வொரு வாரமும் அது ஒரு புது வழியில் வரும், ஒவ்வொரு வாரமும் கதவு திறக்காது.

அண்ணன்தான் அதற்குக் குடைப்பேய் என்று பெயர் வைத்தான்.

முதல் வாரம் பார்த்த பிறகு பின்பக்கத்துக் குளியலறைக்குத் தனியாகப் போவதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் யார் கேட்டாலும் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றே சொன்னேன். அண்ணன் இதெல்லாம் ஒரு பயமா என்று உதட்டைப் பிதுக்கினான். ஜப்பான்காரன் எடுத்தால் எப்படி இருக்கும் தெரியுமா என்றான். அப்பாவுக்கோ அது தனிப்பட்ட அவமானம். நீர்நாய் விழ வேண்டும், நாம் சிரிக்க வேண்டும், இடையில் இந்த இருட்டை யார் கேட்டது என்று செய்தித்தாளை உதறினார். பிறகு அதே செய்தித்தாளுக்கு மேலாகக் கடைசிவரை பார்த்தார்.

அந்த மழையில்தான் அத்தை வந்தார். அப்பாவின் ஒரே தங்கை. அத்தைக்குத் தாய்வீடு என்றால் அது எங்கள் வீடுதான். மாமா செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அங்கிருந்து காரில் அழைத்து வந்து, அத்தையைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டு, பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, மழையிலேயே நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழையில் யாராவது காரைத் துடைப்பார்களா என்று அண்ணன் என் காதில் சொன்னான்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அத்தையின் வயிறு பெரிதாக இருந்தது. நான் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். இப்போது வயிறு இல்லை, கையிலும் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். பாப்பா வரல என்றார் அம்மா. அதற்கு மேல் கேட்காதே என்பது போல வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினார். எங்கள் வீடு ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்தது. வரல என்ற சொல் எனக்கு நன்றாகப் பழக்கமான சொல். ரயில் வரல என்றால் நிலையத்துப் பெஞ்சில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதனால் நான் கவலைப்படவில்லை.

அத்தை என் அறையில் படுத்தார். அறை முழுக்க இஞ்சித் தைலத்தின் வாசனை. காலுக்குக் காலுறை, வயிற்றைச் சுற்றி நீளமான துணிக்கட்டு. காலையில் பக்கத்து வரிசை வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், வந்து கதவைச் சாத்திக்கொண்டு, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து உருவி விடுவார். பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பில் அவர்தான். அப்பா விடிந்ததும் சந்தைக்குப் போய் உயிரோடு விரால் மீன் வாங்கி வருவார். அம்மா அதைச் சாறு வைத்து, பூண்டுக் குழம்போடு அத்தைக்குத் தனியாகக் கொடுப்பார். எங்களுக்கு அந்த மீன் கிடையாது. மத்தியான நேரங்களில் மழை ஓட்டின் மேல் தூங்கிக்கொண்டே பெய்வது போல இருக்கும். அத்தையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் அந்தத் தைல வாசனைக்குள் மிதப்பேன். விழித்துப் பார்த்தால் அத்தை தூங்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்றே எனக்குத் தெரியாது. அந்த மாதம் முழுவதும் ஒரே மத்தியானம் போலத்தான் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை தொடரின் மழைச் சத்தம் கேட்டு அத்தை அறையைவிட்டு வெளியே வந்தார். அம்மா சட்டென்று எழுந்தார். அத்தை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அன்று குடை சமையலறை ஜன்னல் பக்கமாக வந்தது. உள்ளே நீர்நாய்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தன. குடையைக் கண்டதும் கிண்ணங்களைப் போட்டுவிட்டு ஓடி ஒளிந்தன. குடை ஜன்னலுக்கு வெளியே நின்றது, அது பாட்டுக்கு.

முடிந்ததும் நாங்கள் வழக்கம்போல் ஆளாளுக்குப் பேசத் தொடங்கினோம். அண்ணன் போன வாரம்தான் நன்றாக இருந்தது என்றான். நான் ஜன்னல்தான் பயம் என்றேன். அப்பா சூப்பைக் கொட்டியதையாவது சிரிக்கும்படி காட்டியிருக்கலாம் என்றார். அப்போது அத்தை கேட்டார்.

"அதுக்கு யாரு சோறு போடுறா?"

அண்ணன் எதுக்கு என்றான்.

"அந்தக் குடைக்குள்ள இருக்கே, அதுக்கு. சின்னக் காலாதான இருக்கு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்ததால் நானும் சிரித்தேன். பேய் சாப்பிடாது அத்தை, பேய்க்கு வயிறே கிடையாது என்று அண்ணன் விளக்கினான். அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டு வெளியே போனார். அம்மா தொலைக்காட்சியை அணைத்தார்.

மறுநாள் காலையில் தடை வந்துவிட்டது. இனி இந்த வீட்டில் அந்தப் படம் ஓடாது என்றார் அம்மா. மக்சிக் கூட அதையே சொல்லியிருந்தார். மக்ரிப் தொழுகை வேளையில், அந்தி நேரத்தில் பேயைக் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைக்கலாமா என்று. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான் பயந்தது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. குளியலறைக்குத் துணைக்குக் கூப்பிட்டது தப்பாகப் போய்விட்டது. அண்ணனும் அப்படியே சொல்லி என் முதுகில் ஒன்று வைத்தான்.

என் தைரியத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. அன்று அந்தி சாயும்போது, அம்மா பார்க்கும்படி, பின்கட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கத் தனியாகப் போனேன். வாயில் பாட்டு வேறு. அம்மா துணியை வாங்கி மடித்து வைத்தார். அடுத்த நாளும் போனேன். தடை அப்படியே இருந்தது.

ஆனால் அத்தையிடம் கைப்பேசி இருந்தது. ஒரு மத்தியானம், அம்மா பக்கத்து வீட்டில் இருந்தபோது, அந்தப் படத்தை இதில் போட முடியுமா என்று அத்தை என்னிடம் கேட்டார். இணையத்தில் எல்லாப் பகுதிகளும் இருந்தன. போர்வையை முக்காடு போலத் தலைமேல் இழுத்துக்கொண்டு, இருவரும் உள்ளே அந்த நீல வெளிச்சத்தில் பார்த்தோம். வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. அத்தையின் தோளில் ஒட்டிக்கொண்டு பார்த்தபோது எனக்குப் பயமே இல்லை.

படத்துக்குக் கீழே உலகத்திலுள்ள எல்லாரும் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அத்தை அதையெல்லாம் என்னைப் படிக்கச் சொன்னார். எங்கள் சிறுவயதைக் கெடுத்துவிட்டார்கள் என்று நிறையப் பேர், அப்பாவைப் போலவே. இதுவரை வந்ததில் இதுதான் சிறந்தது என்று சிலர். பயமே இல்லை என்று அண்ணனைப் போலவே பல பேர். அவர்களில் ஒருவர் அண்ணன்தான், பொய்ப் பெயரில். நான் எழுத்துக் கூட்டிப் படித்து, மலாயிலும் தமிழிலுமாக மாற்றிச் சொல்வேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"நான் கேட்டத எழுதிப் போடும்மா" என்றார் ஒரு நாள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். என் அத்தை கேட்கிறார், அதற்கு யார் சாப்பாடு கொடுப்பது. எழுத்துப் பிழை இருந்திருக்கும். மறுநாள் திறந்தால் அதற்குக் கீழே ஒரு கூட்டமே நின்றது. கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள்தான் முதலில். பிறகு ஒருவர் பேய்க்குப் பசிக்குமா என்று தொடங்க, இன்னொருவர் பசிக்காவிட்டால் எதற்குச் சமையலறை ஜன்னலுக்கு வந்தது என்று கேட்க, சண்டை பற்றிக்கொண்டது. அதற்கு நடுவில் யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, ஒவ்வொரு வாரமும் யாராவது அந்தக் கதவைத் திறந்துவிட மாட்டார்களா என்றுதான் நான் உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அத்தை அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. தன் கருத்துக்கு ஒரு பதில்கூட வரவில்லை என்று அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அம்மாவிடம் பிடிபட்டது அதற்கு அடுத்த வாரம். சாப்பாட்டுத் தட்டோடு வந்தவர் போர்வைக்குள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். நான் திட்டுக்குத் தயாரானேன். ஆனால் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"இத ஏன் பாக்குற நீ? உடம்பு தேற வேணாமா?" என்றார் அத்தையிடம்.

அத்தை கைப்பேசியை மார்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அவ்வளவு நாளில் அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"யாரோ ஊரு பேரு தெரியாதவங்க அத்தன பேரு அதப் பத்திப் பேசுறாங்க அண்ணி. நம்ம வீட்டுல ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்க. அவரும் வந்தா காரத் தொடச்சிட்டுப் போயிடுறாரு."

அதைக் கேட்டு எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. உண்மைதான், அம்மா தடை போட்ட நாளிலிருந்து வீட்டில் யாருமே குடைப்பேயைப் பற்றிப் பேசவில்லை. அத்தை என் கட்சியில் இருக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் இருக்கிற துணியை எடுத்து வா என்று என்னை அனுப்பினார். மழை பிடித்து வெகு நேரமாகிவிட்டிருந்தது, கொடியில் ஒன்றுமே இல்லை. நான் வெறுங்கொடியைப் பார்த்துவிட்டு நனைந்தபடி திரும்பி வந்தேன். அம்மா அத்தையின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருவர் கண்களும் சிவந்திருந்தன. என்ன பேர் வைக்கலாம்னு நெனச்சிருந்த என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டு, சாற்றிலிருந்த மீனை எடுத்து முள் பார்த்து அத்தைக்கு ஊட்டத் தொடங்கினார். குடைப்பேய்க்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும்போது இன்னொரு பெயர் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம், வெள்ளிக்கிழமைக்குள் அந்த டிஷ்ஷைக் கொஞ்சம் பாருங்கள் என்றார். தடை நீங்கிவிட்டது. நனைந்துகொண்டு வெறுங்கொடிவரை போய்வந்த என் தைரியம்தான் காரணம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவனும் அதை மறுக்கவில்லை.

கடைசிப் பகுதி வந்த வெள்ளிக்கிழமை வீடே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. மாமா வேலைச் சட்டையோடு செனாயிலிருந்து நேராக வந்திருந்தார். அம்மா போனில் என்ன சொன்னாரோ, அன்று காரைத் துடைக்கவில்லை, அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். மக்சிக் கூட எதையோ மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி எங்கள் வாசல் படியிலேயே நின்றார்.

குடை வந்தது. எப்போதும் போல நீர்நாய்கள் ஓடின. அம்மா நீர்நாய் மட்டும் ஓடவில்லை. அது ஒரு தட்டை எடுத்தது. அதில் ஒரு மீனை வைத்தது. கதவைத் திறந்தது. தட்டை வாசலில் வைத்துவிட்டு அது உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாகத் தட்டை நோக்கி வந்தன.

அப்போது எங்கள் மழை வலுத்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நீலமானது.

அண்ணன் தலையில் கை வைத்தான். அப்பா டிஷ்ஷைத் தட்ட வெளியே ஓடினார். அத்தை மட்டும் அசையவில்லை, அந்த வெற்று நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ ஓடிக்கொண்டிருப்பதுபோல. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. திரும்பப் படம் வந்தபோது ஆற்றின்மேல் வெயில் அடித்தது. பழைய கார்ட்டூனின் அதே மஞ்சள் வெயில். வாசலில் தட்டு காலியாக இருந்தது. குடை விரிந்தபடியே ஆற்றில் மிதந்து, சின்னதாகி, சின்னதாகி, வளைவில் மறைந்தது. டமார் என்று அந்தப் பழைய மேளம் ஒலித்து எல்லாம் முடிந்தது.

மாமா அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"போயிருச்சா?"

"சாப்பிட்டுட்டுப் போயிருச்சு" என்றார் அத்தை.

மாமா அத்தையின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பெரியவர்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவருடைய முதுகு குலுங்கியது. அத்தை அவருடைய தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார். மக்சிக் முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறந்து வைத்த பொருளை எடுக்காமலே போனார். வெளியிலிருந்து நனைந்து வந்த அப்பா, வெயில் காட்டினார்களா என்று கேட்டார். காட்டினார்கள் என்றேன். அப்படியானால் பரவாயில்லை என்றார். அண்ணன் மட்டும்தான் கொதித்துக்கொண்டிருந்தான். கடைசிவரை அது யார் என்று சொல்லவே இல்லையே, இதெல்லாம் ஒரு முடிவா என்றான்.

அடுத்த வாரம் அத்தை செனாய்க்குத் திரும்பினார். தொடர் முடிந்துவிட்டதால்தான் போகிறார் என்று எண்ணி, இரண்டாம் பாகம் வந்தால் உடனே சொல்கிறேன் என்றேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். கார் தெரு முனையில் திரும்பியபோது பக்கத்துத் தண்டவாளத்தில் கிம்மாஸ் போகும் ரயில் வந்தது; அதன் சத்தத்தில் மாமா அடித்த ஹாரன் கேட்கவில்லை.

அவர்கள் போன அன்று மத்தியானம் அண்ணன் அப்பாவின் கைப்பேசியில் அந்தக் கடைசிப் பகுதியைத் தேடி எடுத்தான். மழையில் போன இடத்தைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். ஈரக் காலடிகள் தட்டுவரை வந்தன, நின்றன. மீனைத் தொடவே இல்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டன. அதற்குப் பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து கடைக்குட்டி நீர்நாய் தவழ்ந்து வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மீனை எடுத்து ஒரே வாயில் விழுங்கியது.

கீழே கருத்துச் சொன்னவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஏக மகிழ்ச்சி. நான் சொன்னேன்ல, பேய் சாப்பிடாது என்று கத்திக்கொண்டே சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் காட்டினான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தை முழுசாகப் பார்த்தார். நான் அதற்குள் அத்தைக்குச் சொல்வதற்காக வீட்டுப் போனை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கியிருந்தேன்.

அம்மா வந்து போனைக் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"சொல்ல வேணாம்."

"அத்த தப்பா நெனச்சிட்டு இருக்காங்கம்மா. அது சாப்பிடவே இல்ல."

"நெனச்சிட்டு இருக்கட்டும்."

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் என்னைவிட்டு நகராமல் போனுக்குப் பக்கத்திலேயே நின்றார். மீனைத் திருடித் தின்றது கடைக்குட்டி. அதை விட்டுவிட்டு, உண்மையைச் சொல்லப் போன என்னை அம்மா ஏன் காவல் காக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அத்தைக்கு நாமே பொய் சொல்வது போலாகிவிட்டதே என்று அன்று வெகுநேரம் எனக்கு வருத்தமாக இருந்தது.